5 ஆக்ஸிஸ் மெஷின் போடலாம்னு இருக்கீங்களா? முதல்ல ஜாப்ப கைல எடுத்து திருப்பிப் பாருங்க

கோயம்புத்தூர்ல கணபதி, குறிச்சி, அரசூர் பக்கம் ரெண்டு மூணு விஎம்சி, அதாவது கம்ப்யூட்டர் கன்ட்ரோல்ல ஓடற மில்லிங் மெஷின், வெச்சு ஜாப் ஒர்க் பண்றவங்க எங்க பார்த்தாலும் இப்ப கேக்கறது ஒரே கேள்விதான், "ஏங்ண்ணா, 4 ஆக்ஸிஸ் போதுமா இல்ல நேரா 5 ஆக்ஸிஸுக்கே போயிரலாமா". ராணுவத் தளவாடம் செய்யற டிஃபென்ஸ் காரிடார் வருது ஏரோஸ்பேஸ் ஜாப் வருதுன்னு ஒரு பேச்சு ஓடிட்டே இருக்கு, அதுல கோயம்புத்தூர், ஓசூர், சென்னை, சேலம், திருச்சின்னு 5 ஊரு இருக்கறது நிஜம்தான், ஆனா காரிடார் பேர சொல்லி மெஷின் வாங்கிட்டு அதுல தட்டையா பிளேட்டுக்கு ஃபேஸ் அடிச்சிட்டு இருக்கறவங்களையும் பார்த்திருக்கேன். நான் 3 ஆக்ஸிஸ்ல ஆபரேட்டரா ஆரம்பிச்சு, அப்புறம் ஜாப்ப சுத்தி விடற ரோட்டரி டேபிள், அப்புறம் டேபிளே சாயற ட்ரன்னியன் மெஷின்னு வந்து இப்போ புரோகிராமிங் பண்றேன். புதுசா இறங்கறவங்களுக்கு நான் வாயால சொல்றதத்தான் இங்க எழுதிருக்கேன், வரிசையா செஞ்சுட்டு வாங்க, நடுவுல ஒன்ன விட்டுட்டு தாண்டினா கடைசில அதே எடத்துக்குத்தான் திரும்பி வரணும்.

மொதல்ல ஆக்ஸிஸ்னா என்னன்னு தெளிவாயிருங்க

எக்ஸ், ஒய், இசட் தெரியும், இடம் வலம், முன்ன பின்ன, மேல கீழன்னு நேரா நகர்ற மூணு திசை. எக்ஸ சுத்தி சுத்தறது ஏ, ஒய்ய சுத்தி சுத்தறது பி, இசட்ட சுத்தி சுத்தறது சி. இதுல ஏதாவது ஒன்ன சேர்த்தா 4, ரெண்ட சேர்த்தா 5. இதுவரைக்கும் எல்லாருக்கும் புரிஞ்சிரும்.

குழப்பம் வர்றது அடுத்ததுல. 5 ஆக்ஸிஸ் மெஷின ரெண்டு விதமா ஓட்டலாம். ஒன்னு, ரோட்டரி ரெண்டையும் வேண்டிய கோணத்துக்கு திருப்பி, க்ளாம்ப் போட்டு லாக் பண்ணிட்டு, அப்புறம் சாதா 3 ஆக்ஸிஸ் மாதிரியே கட்டிங் எடுக்கறது. இதத்தான் 3+2 ங்கறாங்க. இன்னொன்னு, கட்டிங் நடக்கறப்பவே 5 ஆக்ஸிஸும் ஒன்னா நகர்றது, அது சைமல்டேனியஸ். யூடியூப்ல ஹெல்மெட்டு, சிங்கத் தலைன்னு செதுக்கி காட்டறாங்களே அது ரெண்டாவது. நம்ம ஷாப்புக்கு சம்பாரிச்சு குடுக்கறது பெரும்பாலும் மொதலாவது. இத சேல்ஸ் ஆளு சொல்ல மாட்டாரு, அவரு டெமோல சிங்கத் தலையத்தான் ஓட்டிக் காட்டுவாரு.

டிராயிங்க எல்லாம் எடுத்து தரைல பரப்புங்க

நெசமாவே சொல்றேன், கம்ப்யூட்டர்ல வேண்டாம், கடைசி 6 மாசத்துல ஓட்டின ஜாப் டிராயிங்க பிரிண்ட் போட்டு தரைல பரப்பி மூணு குவியலா பிரிங்க. ஒரு பக்கம் இல்லன்னா ரெண்டு பக்கத்துல முடியறது ஒரு குவியல். நாலஞ்சு பக்கம் திருப்பி திருப்பி கட்டறது, சாய்வா ஒரு ஹோல் வர்றது ரெண்டாவது குவியல். இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தி தண்ணிய தள்ளற சக்கரம்), பிளேடு, டர்போ வீல், வளைஞ்ச போர்ட் மாதிரி டூலோட கோணம் ஓடிட்டே மாறித்தான் ஆகணும்ங்கறது மூணாவது. மொத குவியல்தான் பெருசுன்னா இதோட நிறுத்திக்கலாம், நல்ல 3 ஆக்ஸிஸ் இன்னொன்னு வாங்குங்க, இல்ல அடுத்த ஜாப்ப வெளியவே கட்டி வெச்சு மாத்தற பேலட் போடுங்க.

பம்ப் ஊருதானே இம்பெல்லர் நெறைய வருமேன்னு தோணும். நம்ம ஊரு பம்ப் இம்பெல்லர் பெரும்பாலும் காஸ்டிங்ல வந்து லேத்ல போர், ஃபேஸ் எடுத்து முடியற ஜாப், பிளேட மில்லிங்ல செதுக்கறது ரொம்ப கம்மி. அத நம்பி கடன் வாங்கிறாதீங்க.

ரெண்டாவது குவியலுக்கு ஒரு கணக்கு போட்டு காட்றேன், நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஷாப் நம்பர போட்டுக்கோங்க. அலுமினியத்துல ஒரு ஹைட்ராலிக் மேனிஃபோல்ட், அதாவது ஆயில் போற ஓட்டைங்க இருக்கற பிளாக்குன்னு வெச்சுக்குவோம், 6 பக்கமும் போர்ட், அதுல ஒன்னு 30 டிகிரி சாய்வு. 3 ஆக்ஸிஸ்ல 6 செட்டிங், அதாவது 6 விதமா ஜாப்ப திருப்பி கட்டணும், சாய்வுக்கு ஜாப்ப பிடிக்க தனி ஃபிக்சர். ஒவ்வொரு செட்டிங்குக்கும் டயல் அடிச்சு நேர் பார்த்து, டேட்டம் (அளவு ஆரம்பிக்கற பாயிண்ட்) எடுத்து, மொத பீஸ் ஓகே வாங்க 45 நிமிஷம்னா நாலரை மணி நேரம் போச்சு. 40 பீஸ் லாட்டுல ஒவ்வொரு லோடிங்கும் 3 நிமிஷம்னா 6 தடவை, 40 பீஸு, 720 நிமிஷம், அதாவது 12 மணி நேரம் வெறும் கழட்டி மாட்டறதுக்கு. இதே ஜாப்ப 3+2ல ரெண்டு செட்டிங்ல முடிச்சா செட்டிங் ஒன்றரை மணி, லோடிங் 4 மணி. மொத்தத்துல 11 மணி நேரம் மிச்சம். கவனிங்க, கட்டிங் டைம் ஒரு நிமிஷம்கூட கொறையல, அதே டூல், அதே ஃபீடு. டூல சுத்தற ஸ்பிண்டில் சும்மா நின்ன நேரம்தான் கொறைஞ்சுது.

டைம விட பெரிய விஷயம் பொசிஷன். ஒவ்வொரு தடவை திருப்பி கட்டறப்பவும் ஒரு சில்லு உள்ள மாட்டும், பர் (வெட்டின ஓரத்துல நிக்கற பிசிறு) இருக்கும், வைஸோட ஜா, அதாவது பிடிக்கற தாடை, லேசா தூக்கும், ஒன்னொன்னுக்கும் 0.01, 0.02 மிமீ போகும், கடைசி செட்டிங்ல இருக்கற ஹோல மொத செட்டிங் டேட்டம்ல இருந்து அளந்தா எங்கயோ நிக்கும், ஆபரேட்டர திட்டுவோம், பாவம் அவன் என்ன பண்ணுவான். ஒரே கட்டுல 5 பக்கம் முடிஞ்சா இந்த தலைவலி மெஷினோட ஜியாமெட்ரி கைல போயிரும், அது சரியா இருக்கற வரைக்கும் நமக்கு நிம்மதி.

மெஷின் வகை

நாலு வழி இருக்கு, நான் பார்த்த வரைக்கும் ஆளுங்க ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல மண்டைய ஒடச்சுட்டு நாலாவத மறந்துருவாங்க.

இருக்கற விஎம்சி மேலயே ஒரு ரோட்டரி டேபிள போடறது கம்மி செலவு. பெங்களூர் யூகேம் மாதிரி நம்ம நாட்டு ரோட்டரியே நல்லா கெடைக்குது. ஆனா போடறதுக்கு முன்னாடி ரோட்டரி சென்டர் ஹைட், அதுக்கு மேல ஃபிக்சர், ஜாப், அதுக்கும் மேல டூல் நீளம், எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, இசட்ல எடம் பத்தாம நிறைய பேரு அவதிப்படுவாங்க. டேபிள்ல எக்ஸும் பாதி போயிரும். கன்ட்ரோலர்ல நாலாவது ஆக்ஸிஸுக்கு ட்ரைவ், வயரிங் வந்திருக்கான்னும் கேட்டுக்கோங்க, சில மெஷின்ல ரெடியா இருக்கும், சிலதுல மொத்தமா புதுசா போடணும்.

ட்ரன்னியன், அதாவது தொட்டில் மாதிரி டேபிளே சாய்ஞ்சு சுத்தறது. சின்ன, நடுத்தர ஜாப்புக்கு இதுதான் என் ஓட்டு. ஸ்பிண்டில் தலை அசையாம கெட்டியா நிக்கறதால ஹெவி கட்டு தாங்கும், சில்லும் தானா கீழ விழும். இங்க பார்க்க வேண்டியது டேபிள் விட்டம் மட்டும் இல்ல. டேபிள் 90 டிகிரி சாய்ஞ்சப்புறம் ஸ்பிண்டில் மூக்கு ஜாப்போட அடிப்பக்கம் வரைக்கும் எட்டுதான்னு பாருங்க. ஜாப்ப நேரா டேபிள் மேல வெச்சா எட்டாது, தலை போய் டேபிள்ல முட்டும், அதனால ஜாப்ப ஒசரமா தூக்கித்தான் கட்டணும், தூக்கினா மேல இசட் கம்மியாகும். கேட்டலாக்ல போட்டிருக்கற டேபிள் லோடும் படுத்த நிலைல சொல்றது, ஒசரமா தூக்கி கட்டின வெயிட்டு சாயறப்போ இழுக்கற இழுப்பு வேற.

பெரிய ஜாப், நீளமான ஜாப், டை மோல்டு வெயிட்டுன்னா தலை சாயற மெஷின். 2 டன் பிளாக்க தொட்டில்ல போட்டு ஆட்ட முடியாதில்லீங்களா. இதுல பிவட்ல இருந்து டூல் நுனி வரைக்கும் நீளம் அதிகம், அதனால கோணத்துல வர்ற சின்ன தப்பும் நுனில பெருசாத் தெரியும், தலை திரும்பறதுக்குன்னே எக்ஸ் ஒய் டிராவல்ல ஒரு பங்கு போயிரும்.

நாலாவது டர்ன் மில். உருண்டையா இருக்கற ஜாப்பு, அதுல நாலு ஃபிளாட், ரெண்டு கிராஸ் ஹோல், ஒரு கீவே, இதுக்கு எதுக்குங்க 5 ஆக்ஸிஸ் விஎம்சி? சி ஆக்ஸிஸ், ஒய் ஆக்ஸிஸ், தானே சுத்தி வெட்டற லைவ் டூல் இருக்கற டர்னிங் சென்டர்ல பார் போட்டா முடிஞ்ச ஜாப்பா வெளிய விழும். ரெண்டாவது குவியல்ல உருண்டை ஜாப் எத்தனைன்னு எண்ணிப் பார்த்துட்டு அப்புறமா விஎம்சி கேட்டலாக்க தொறங்க.

ரோட்டரிக்குள்ள என்ன இருக்குன்னும் கேக்கணும். வார்ம் கியர்னா ஹெவி கட்டுக்கு பிடிமானம் நல்லா இருக்கும், மெதுவா சுத்தும், நாள்பட பேக்லாஷ், அதாவது கியர் பல்லுல லூஸ், வரும், 3+2 க்கு தாராளமா போதும். டைரக்ட் ட்ரைவ்னா கியரே கிடையாது, வேகம், பேக்லாஷ் இல்ல, சைமல்டேனியஸுக்கு அதுதான் ராஜா, வெலையும் ராஜா வெலை. எதுவா இருந்தாலும் கோணத்தப் பத்தி ஒரு கணக்கு மனசுல இருக்கட்டும், சென்டர்ல இருந்து 100 மிமீ தள்ளி இருக்கற பாயிண்ட்ல 0.01 டிகிரி தப்புன்னா 17 மைக்ரான் தள்ளிப் போகும். அதுவே 10 ஆர்க் செகண்டுன்னா 5 மைக்ரான். அதனால ரோட்டரில ஸ்கேலு, அதாவது கோணத்த அளக்கற என்கோடர், நேரா டேபிள்லயே இருக்கா இல்ல மோட்டார் பின்னாடி இருக்கறதுதானான்னு கண்டிப்பா கேளுங்க. மழுப்பினா இல்லைன்னு அர்த்தம்.

கன்ட்ரோலர், ஆப்ஷன் லிஸ்ட்

"5 ஆக்ஸிஸ் மெஷின்"னு எழுதியிருந்தாலே 5 ஆக்ஸிஸும் ஒன்னா ஓடும்னு அர்த்தம் இல்ல. ஃபேனுக்ல 0ஐ எஃப் கன்ட்ரோல்னா ஒரே நேரத்துல 4 ஆக்ஸிஸ்தான் நகரும், 3+2 பண்ணலாம், அவ்ளோதான். சைமல்டேனியஸ் வேணும்னா 31ஐ பி5 மாதிரி போகணும். சீமென்ஸ்ல ட்ராவோரின்னு ஒரு ஆப்ஷன் தெறந்திருக்கணும். கோட்டேஷன்ல பேர் ஒன்னா இருக்கும், ஆப்ஷன் லிஸ்ட் பேப்பர்ல ரெண்டு வரி இருக்காது, மெஷின் எறக்கினப்புறம் அத தெறக்கறதுக்கு தனியா காசு கேப்பாங்க.

ரெண்டு வசதி இருக்கான்னு பாருங்க. ஒன்னு, சாய்ஞ்ச பக்கத்தையே புது எக்ஸ் ஒய்யா எடுத்துக்கறது. ஃபேனுக்ல ஜி68.2 போட்டு ஜி53.1, சீமென்ஸ்ல சைக்கிள்800, ஹைடன்ஹைன்ல பிளேன் ஃபங்ஷன், ஹாஸ்ல ஜி254. இது இருந்தா ஜாப்ப டேபிள்ல எங்க கட்டினாலும் ஒரு டேட்டம் எடுத்தா போதும், திரும்பினதும் ஆஃப்செட்ட மெஷினே கணக்கு போட்டுக்கும். இது இல்லாத பழைய மெஷின்ல ஜாப்ப சரியா ரோட்டரி சென்டர்லயே கட்டணும், இல்லன்னா கட்டினப்புறம் கேம்ல (டூல் போற வழிய போடற சாஃப்ட்வேர்) ஒரிஜின மாத்தி திருப்பி போஸ்ட் போடணும், அதாவது புரோகிராம மறுபடி எடுக்கணும், ஒரு தடவை பண்ணிப் பார்த்தா ஏன் வேண்டாம்ங்கறேன்னு புரியும். இன்னொன்னு டூல் நுனிய விடாம பிடிச்சுக்கறது, டிசிபிம்பாங்க, ஃபேனுக்ல ஜி43.4, ஹைடன்ஹைன்ல எம்128, ஹாஸ்ல ஜி234. ரோட்டரி எப்படி ஆடினாலும் நுனி சொன்ன எடத்துலயே, சொன்ன ஃபீடுலயே போகும். டூல் மாத்தி நீளம் மாறினாலும் புரோகிராம தொட வேண்டாம்.

இம்போர்ட் மெஷின், அதுவும் செகண்ட்ஸ்ல பழசு வாங்கறவங்களுக்கு ஒரு விஷயம். 1980கள்ல தோஷிபா மெஷின் கம்பெனி, நார்வே கோங்ஸ்பெர்க்கோட கன்ட்ரோல் போட்டு, சப்மரீன் ப்ரொப்பல்லர் செதுக்கற பெரிய மில்லிங் மெஷின்கள சோவியத்துக்கு தடைய மீறி வித்துருச்சு, 1987ல விஷயம் வெளிய வந்து அமெரிக்காவுல காங்கிரஸ் உறுப்பினருங்க சம்மட்டி எடுத்து தோஷிபா ரேடியோவ போட்டு ஒடைச்சாங்க. அந்த சூடு இன்னும் ஆறல. 5 ஆக்ஸிஸ் மெஷின் இன்னைக்கும் ஏற்றுமதி கட்டுப்பாட்டு லிஸ்ட்ல வர்ற சரக்கு, இந்தியா 2017ல, ஆயுதத்துக்கு உதவற சரக்கு ஏற்றுமதிய கட்டுப்படுத்தற வாசனார் ஒப்பந்தத்துல சேர்ந்தப்புறமும் யார் வாங்கறா, என்ன ஜாப், எந்த எடம்னு எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்க. ஜப்பான் மெஷின் பலதுல எடத்த விட்டு நகர்த்தினா லாக் ஆகற சென்சாரே இருக்கு. ஷெட்டுக்குள்ள பத்தடி தள்ளி வைக்கறதா இருந்தாலும் சர்வீஸுக்கு சொல்லிட்டு பண்ணுங்க, இல்லன்னா மெஷின் பொம்மை மாதிரி நிக்கும். செகண்ட்ஸ்ல வாங்கறப்போ லாக்க எடுத்துக் குடுக்க கம்பெனி சம்மதிக்குதான்னு எழுத்துல வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க.

நம்ம நாட்டு மெஷின் எளக்காரம் இல்லீங்க. ராஜ்கோட் ஜோதி சிஎன்சி 2007ல பிரான்ஸ் மெஷின் கம்பெனி ஹுரானயே வாங்கிருச்சு, பெங்களூர்ல பிஎஃப்டபிள்யூ இருக்கு. பெங்களூர் ஐஎம்டெக்ஸ் கண்காட்சிக்கும் நம்ம கொடிசியா இன்டெக் கண்காட்சிக்கும் ஒரு நடை போனா எல்லாத்தையும் ஒரே நாள்ல தொட்டுப் பார்த்துரலாம். நான் பிராண்ட விட பார்க்கறது, சர்வீஸ் ஆளு கோயம்புத்தூர்ல உக்காந்திருக்காரா இல்ல ஃபிளைட் புடிச்சு வரணுமாங்கறதத்தான்.

கேம், போஸ்ட், ஹோல்டர், நான் இடிச்ச கதை

மாஸ்டர்கேம், என்எக்ஸ், ஹைப்பர்மில், பவர்மில், சாலிட்கேம், ஃபியூஷன் எதுவும் ஓகே, உங்க பையனுக்கு எது கை வருதோ அது. காச போஸ்ட்ல போடுங்க. கேம்ல இருக்கற டூல்பாத்த உங்க மெஷின் பாஷைக்கு மாத்தறது போஸ்ட்தான், ஒரே மாடல் மெஷின்லயே கூட ஏ ஆக்ஸிஸ் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும், டூல் மாத்தறதுக்கு முன்னாடி எங்க ஒதுங்கணும்ங்கறது மாறும். நெட்ல ஓசில கெடைச்ச போஸ்ட்ட போட்டு 5 ஆக்ஸிஸ் ஓட்டறது, பிரேக் பார்க்காம ஊட்டி எறங்கற மாதிரி.

இப்போ நான் இடிச்சது. போஸ்ட் நல்ல போஸ்ட், மெஷின் மாடல் எல்லாம் போட்டு சிமுலேஷன் பார்த்தாச்சு, க்ளீனா போச்சு. ஜாப் ஒரு ஸ்டீல் பிராக்கெட், 60 டிகிரி சாய்வுல ஒரு பாக்கெட்டு, ஓரத்துல க்ளாம்ப். கேம்ல நான் போட்டிருந்தது ஒல்லியான ஷ்ரிங்க் ஃபிட் ஹோல்டர், சூடு பண்ணி டூல இறுக்கறது. அன்னைக்கு அந்த ஹோல்டர் வேற மெஷின்ல மாட்டியிருந்துச்சு, நைட் ஷிப்ட் பையன் டூல் விட்டம் ஒன்னுதானேன்னு இஆர்32 காலட்ல போட்டுட்டான், நட்டு மட்டுமே 50 மிமீ விட்டம். செட்டிங் ஷீட்ல நான் ஹோல்டர் பேர எழுதவே இல்ல, டூல் நம்பரும் நீளமும்தான் எழுதியிருந்தேன், அதனால அவன் மேல ஒரு தப்பும் இல்ல. சாய்ஞ்சு உள்ள எறங்கினதும் நட்டு போய் க்ளாம்ப்ல உக்காந்துச்சு. பெரிய சத்தம்கூட இல்ல, டங்குனு ஒன்னு, அப்புறம் சர்வோ அலாரம். டூல் ஒடைஞ்சுது, க்ளாம்ப் வளைஞ்சுது, ஸ்பிண்டில் ரன்னவுட், அதாவது சுத்தறப்போ வர்ற ஆட்டம், பார்த்தா நல்லாத்தான் இருந்துச்சு, அப்பாடான்னு மறுபடி ஓட்டினோம். மூணு நாள் கழிச்சு கஸ்டமர் கிட்ட இருந்து போன், ஹோல் பொசிஷன் எல்லாம் ஒரே பக்கமா 0.03 தள்ளி இருக்குன்னு. ரோட்டரி சென்டர் அந்த இடில லேசா நகர்ந்திருக்கு, நாங்க அத செக் பண்ணவே இல்ல. அன்னைல இருந்து என் செட்டிங் ஷீட்ல ஹோல்டர் போட்டோ இல்லாம எதுவும் ஷாப்புக்கு போகாது, இடி சின்னதோ பெருசோ சென்டர் செக் பண்ணாம அடுத்த பீஸ் ஏறாது.

ஜாப்ப கட்டறது

சாதா 6 இன்ச் வைஸ்ல கட்டினா ஜாப்போட பாதி ஜாக்குள்ள ஒளிஞ்சிருக்கும், தலையும் ஜாவுல முட்டும், 5 பக்கம் எப்படி எட்டும். ஒசரமான செல்ஃப் சென்டரிங் வைஸ், இல்லன்னா டவ்டெயில். டவ்டெயில்னா பிளாக் அடில ஆப்பு மாதிரி ஒரு ஷேப்பு எடுத்து அந்த ஒரு 3 மிமீ ஒசரத்தையே பிடிச்சுக்கறது, அவ்ளோ கம்மியா பிடிச்சும் நல்லா கட்டு தாங்கும், கடைசி செட்டிங்ல அத ஃபேஸ் அடிச்சு எடுத்துரலாம். அதுக்காக பிளாக் வாங்கறப்பவே ஒசரத்துல 5, 6 மிமீ சேர்த்து ஆர்டர் போடுங்க, இத மறந்துட்டு மெட்டீரியல் அறுத்து வந்தப்புறம் முழிக்கறது எல்லா ஷாப்புலயும் ஒரு தடவை நடக்கும். ஜீரோ பாயிண்ட் பேஸ் போட்டா வைஸையே ரெண்டு நிமிஷத்துல மாத்தலாம், ரெண்டாவது வருஷம் வாங்கிக்கலாம்.

கட்டிங் எப்படி யோசிக்கணும்

என் வரிசை எப்பவும் இதுதான். ரஃபிங், அதாவது மெட்டீரியல மொத்தமா எடுக்கறது, முழுக்க 3+2ல, ரோட்டரிய க்ளாம்ப் போட்டு, ரெண்டு மூணு கோணத்துல. ரோட்டரி சுத்திட்டே இருக்கறப்போ ஹெவி கட்டு எடுக்கறது ஆடற ஏணில நின்னுட்டு ஆணி அடிக்கற மாதிரி, க்ளாம்ப் போட்டா மெஷின் கெட்டி. செமி ஃபினிஷும் முடிஞ்ச வரைக்கும் அப்படியே. வேற வழியே இல்லாத சர்ஃபேஸ்ல ஃபினிஷிங் மட்டும் சைமல்டேனியஸ்.

சாய்க்கறதுல கெடைக்கற பெரிய லாபம் குட்டை டூல். டூல் வளையறது வெளிய நீட்டற நீளத்தோட மூணாவது அடுக்குல போகும். அதாவது 120 மிமீ நீட்டற எடத்துல 60 போதும்னா வளைவு எட்டுல ஒரு பங்கு. ஆழமான பாக்கெட் சொவத்துல வர்ற அந்த கிர்ர்ங்கற சத்தமும் தழும்பும் ஃபீட கொறைச்சு போகாது, ஜாப்ப பத்து டிகிரி சாய்ச்சு குட்டை டூல் போட்டா போயிரும்.

பால் நோஸ், அதாவது நுனி உருண்டையா இருக்கற டூல், ஒன்ன உத்துப் பார்ப்போம். 10 மிமீ பால், 0.2 மிமீ ஆழம், நேரா நிக்க வெச்சு தட்டையான சர்ஃபேஸ்ல ஓட்டினா உண்மைல வெட்டற விட்டம் 10 இல்ல, 2.8 மிமீதான். 8000 ஆர்பிஎம்ல நீங்க நிமிஷத்துக்கு 250 மீட்டர் ஸ்பீடுன்னு நெனச்சிட்டு இருப்பீங்க, அங்க ஓடறது 70. நட்ட நடு நுனில ஸ்பீடு சைபர், அது வெட்டாது, தேய்க்கும், அதான் ஃபினிஷ் மங்கலா வர்றது. அதே டூல 15 டிகிரி சாய்ச்சா வெட்டற விட்டம் 5.2 ஆகுது, ஸ்பீடு 130, நுனி ஜாப்ப தொடறதே இல்ல. இதுக்கு சைமல்டேனியஸ் வேண்டாம், 3+2ல 15 டிகிரி சாய்ச்சு லாக் போட்டாலே வந்துரும்.

ஸ்டெப் ஓவர், அதாவது ஒரு பாஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல விடற தூரம், அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. அதே 10 மிமீ பால்ல 0.3 ஸ்டெப் ஓவர் வெச்சா நடுவுல நிக்கற மேடு 2 மைக்ரான் சொச்சம். பேரல் டூல், அதாவது பக்கவாட்டுல பெரிய ரேடியஸ் இருக்கற டூல், 85 மிமீ ரேடியஸ்னு வெச்சுக்கங்க, அதே மேட்டுக்கு ஸ்டெப் ஓவர் 1.2 மிமீ போகலாம், பாஸ் நாலுல ஒன்னாயிருது. டூல் வெலை வலிக்கும், கேம்ல தனி லைசென்ஸும் கேப்பாங்க, அதனால நீளமான சொவரு, பிளேடு, டை சைடுன்னு தெனமும் இருந்தா மட்டும் வாங்குங்க.

இம்பெல்லர் மாதிரி வந்துட்டா, லேத்ல வெளி ஷேப்பு எடுத்துட்டு வந்து, பிளேடுக்கு நடுவுல இருக்கற பள்ளத்த ரஃபிங் எடுத்து, பிளேடு, ஹப், கடைசில ஓரத்து ஃபில்லெட். பிளேடு நேர்கோடுகளால ஆனதா இருந்தா டூலோட பக்கத்தாலயே ஒரே இழுப்புல ஃபினிஷ் எடுக்கலாம், ரெண்டு பக்கமும் முறுக்கிட்டு வளைஞ்சதுன்னா பால் நுனியால வரி வரியாத்தான். எதுன்னு டிராயிங்கோ மாடலோ வந்ததுமே பார்த்துட்டு ரேட் சொல்லுங்க, சைக்கிள் டைம் பல மடங்கு மாறும்.

ஒரு எச்சரிக்கை. டூல் நேரா சி ஆக்ஸிஸுக்கு இணையா வர்ற எடத்துல, கொஞ்சமே கொஞ்சம் கோணம் மாறினாலும் சி டேபிள் திடீர்னு 180 டிகிரி சுத்திரும், சர்ஃபேஸ்ல ஒரு குழி விழும், பார்க்கறவனுக்கு நெஞ்சு நின்னுரும். மெஷின் ரிப்பேர்னு சர்வீஸுக்கு போன் போடாதீங்க, கணக்கே அப்படித்தான். கேம்ல டூல ரெண்டு மூணு டிகிரி எப்பவும் சாய்வாவே இருக்கற மாதிரி லிமிட் போடுங்க, இல்லன்னா ஜாப்பயே ஒரு கோணத்துல கட்டிருங்க, அந்த எடத்த தாண்டிரலாம்.

டெமோவும், மெஷின் வந்தப்புறமும்

டெமோவுக்கு அவங்க பீஸ ஓட்ட விடாதீங்க. உங்க ரெண்டாவது குவியல்ல இருந்து கஷ்டமான ஜாப் ஒன்ன, உங்க மெட்டீரியலோட எடுத்துட்டு போங்க, அளந்து பாருங்க. சைமல்டேனியஸ் வாங்கறதா இருந்தா கூம்பு வடிவ நாஸ் 979 டெஸ்டோ, ஐஎஸ்ஓ 10791ல 7வது பகுதில வர்ற எஸ் வடிவ டெஸ்ட் பீஸோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. முடியாதுன்னா ஏன்னு கேளுங்க.

தொட்டு அளக்கற ப்ரோபும், அது தொட்டுப் பார்க்கற மாஸ்டர் பால் உருண்டையும் இல்லாம 5 ஆக்ஸிஸ் வாங்காதீங்க, இதுல பேரமே கிடையாது. ரோட்டரி சென்டர் கன்ட்ரோலர்ல இருக்கற வேல்யூல இருந்து 0.02 தள்ளி இருந்தா, 90 டிகிரி திரும்பறப்போ 0.028, 180 திரும்பினா 0.04 தப்பு ஜாப்ல விழும். சென்டர அளந்து சரி பண்ண சீமென்ஸ்ல சைக்கிள்996, ஹைடன்ஹைன்ல கினமேட்டிக்ஸ்ஆப்ட், மத்ததுக்கு ரெனிஷா ஆக்ஸிசெட், எதுவோ ஒன்னு, பத்து பதினஞ்சு நிமிஷ வேலை. ஏப்ரல் மே மாசத்துல தகர ஷெட்ல மெஷின் வெச்சிருக்கறவங்க காலைல ஒன்னு மத்தியானம் ஒன்னு எடுங்க. 200 மிமீ அலுமினியம் ஜாப்பே 5 டிகிரி சூட்டுக்கு 0.023 நீளும், மெஷின் சும்மா இருக்குமா.

மொத மூணு மாசம் டைட்டானியம், இன்கொனல்னு ஏதாவது ஆர்டர் வந்தாலும் எடுக்காதீங்க. அலுமினியம் துண்டு, நைலான்ல ஓட்டிப் பழகுங்க. ரேபிட் (வெட்டாம நகர்ற வேகம்) 25 சதவீதத்துல, ஒரு கை மெஷின நிறுத்தற ஃபீடு ஹோல்டு பட்டன் மேல. புரோகிராமர் கேம்ல உக்காந்தே இருக்காம மொத பீஸ் ஓடறப்போ மெஷின் கிட்ட நிக்கணும், நிக்கலன்னா நான் மேல சொன்ன கதைதான்.

ஒரு மணி நேரத்துக்கு ரேட் போடறப்போ 3 ஆக்ஸிஸ் ரேட்டோட ரெண்டு மடங்குன்னு வாய்க்கு வந்தத சொல்லாம, கடன் டியூ, கேம் மெயின்டனன்ஸ், டூல் ஹோல்டர், புரோகிராமர் சம்பளம், எல்லாம் எழுதி மாசத்துல நெசமா ஸ்பிண்டில் ஓடற மணி நேரத்தால வகுத்துப் பாருங்க. மொத வருஷம் அந்த மணி நேரம் நீங்க நெனைக்கறதுல பாதிதான் இருக்கும், தமிழ்நாடு அரசோட தொழில் கடன் நிறுவனம் டிஐஐசியோ பேங்க்கோ யார்கிட்ட கடன் கேட்டாலும் அந்தப் பாதிய வெச்சே புராஜெக்ட் ரிப்போர்ட் போடுங்க.

எங்க மெஷின் பக்கத்துல ஒரு அலுமினியம் பிளாக் வெச்சிருக்கோம், தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசு. வாரம் ஒரு தடவை திங்கக்கெழமை காலைல மெஷின் சூடானதும் நேரா நிக்க வெச்சு பக்கத்துல ஒரு ஃபேஸோட பாதி, 90 சாய்ச்சு அதே ஃபேஸோட மீதிப் பாதி. ரெண்டும் சேர்ற எடத்துல நகத்த வெச்சு இழுப்போம். நகம் மாட்டுச்சுன்னா அன்னைக்கு ஜாப் ஏறாது, ப்ரோப் எடுத்து சென்டர சரி பண்ணிட்டுத்தான் மத்தது.